கார்டுக்கு உரியவர்

என் மனைவி குமுதவல்லி படையில் கேப்டனாக இருந்தாள். நான் அவளுடைய மனைவியாக இருந்தேன். ஒரே ஒரு பகல்தான். ஆனால் அந்த ஒரு பகலில், ஆஸ்பத்திரி அங்கியில் முதுகு தெரியப் படுத்திருந்தபடியே, நாட்டின் படைக் கதவுகள் அத்தனையையும் நான் நிறுத்திவைத்தேன். பீரங்கிக் கிடங்கு முதல் சமையல்கட்டில் சர்க்கரை வைக்கும் அலமாரி வரை எதுவும் திறக்கவில்லை. பூட்டு ரிப்பேர் செய்கிறவர்களுக்கு அன்று கிடைத்த மரியாதை எந்தத் தளபதிக்கும் கிடைத்ததில்லை.

எங்கள் காலனியில் நான் எதைச் சொன்னாலும் பாதியாக வகுத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். இதை வகுக்க வேண்டாம். நானே வகுத்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. பாலம் கட்டும் பிரிவில் நாயப் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏலகிரி அடிவாரத்தில், மாஜி ராணுவத்தார் காலனியில் வீடு. ஓய்வு பெறும்போது படை எனக்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு ஸ்மார்ட் கார்டும், அதைப் படிக்கிற சின்ன மிஷினும் கொடுத்தது. கடிகாரம் ஊர் வந்து சேருவதற்குள் நின்றுவிட்டது. கார்டு வேலை செய்தது, தேவைக்கு மேலேயே.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. கார்டு வந்த அன்றே அதைக் கொண்டுபோய் மனைவி கையில் கொடுத்துவிடுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பனியிலும் மணலிலும் நின்றுகொண்டிருந்த காலம் முழுவதும் கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடம், பேங்க், மாமனாரின் கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் நடத்தியது அவர்கள்தான். திரும்பி வந்த எங்களுக்கு எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்றே தெரியாது.

“இதுல என்னங்க பண்ணணும்?” என்று கேட்டாள் குமுதா, கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

“பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் இனிமே ஆன்லைன்தான். இதை மிஷின்ல வச்சு விரலால அழுத்தினா கணக்கு திறக்கும். நீயே பாத்துக்க.”

“உங்க பேருல்ல போட்டிருக்குது?”

“பேரு என்னுது. வேலை உன்னுது. இருபது வருஷமா அப்படித்தானே?”

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கார்டை முந்தானையில் துடைத்து, மிஷினில் வைத்து, விரலை மெதுவாக அழுத்தினாள். அன்றிலிருந்து அந்தக் கார்டை நான் தொடவில்லை. ஆன்லைனில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.

நான் செய்தவை சாதாரணமானவை அல்ல. படையின் இணையதளத்தில் ‘வழித்துணை’ என்று ஒரு பகுதி இருந்தது. பணியில் இருக்கும் சிப்பாய்கள் தங்கள் மனக்கஷ்டத்தை எழுதுவார்கள். ஓய்வு பெற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். கேன்டீனில் குக்கர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போன குமுதா, தவறுதலாக அதற்குள் நுழைந்துவிட்டாள். ஒரு பையன், லீவில் போனால் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருந்தான். “நீ ஊருக்கு வந்த முதல் நாள் ராத்திரி சிநேகிதர்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தாயா இல்லையா? அதை முதலில் சொல். பிறகு அவளைப் பற்றிப் பேசலாம்” என்று தெய்வசிகாமணியின் பெயரில் பதில் போட்டாள். அவ்வளவுதான். அதன் பிறகு தெய்வசிகாமணியின் பதிலுக்காகக் காத்திருந்த சிப்பாய்களை வரிசையில் நிறுத்தினால் வரிசையின் வால் வெளிநாட்டுக்குள் போய்விடும். எல்லை கடந்ததாக வழக்கு வரும்.

சில வருஷம் இப்படிப் போனது. ஒரு குடியரசு தின விழாவில் எனக்குக் கௌரவ கேப்டன் பட்டம் கொடுத்தார்கள். எத்தனையோ வீரர்களின் குடும்பத்தைக் காப்பாற்றியதற்காக என்று வாசித்தார்கள். நான் மார்பை நிமிர்த்தி நட்சத்திரங்களை வாங்கிக்கொண்டேன். அவை யார் தோளுக்கு உரியவை என்று நான் யோசிக்கவில்லை. தையல்காரன் என் தோளைத்தான் அளவெடுத்திருந்தான்.

இனி அந்தப் பகலுக்கு வருகிறேன்.

காலையில் இட்லியின் முதல் விள்ளலை எடுக்கும்போது நெஞ்சில் ஒரு யானை உட்கார்ந்தது. சாதாரண யானை என்றால் எழுப்பிவிட்டிருப்பேன். இது நிறைமாத யானை. குமுதா என்னைப் பக்கத்து வீட்டுக் காரில் போட்டு, கன்டோன்மென்ட்டில் இருக்கும் படை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டியூட்டி டாக்டர் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார், ஈசிஜி எடுத்தார். அதற்கு மேல் எது செய்யவும் அட்மிஷன் வேண்டும். அட்மிஷனுக்குக் கார்டு வேண்டும்.

கவுன்டரில் இருந்தவர் ஹவில்தார் பூவராகன். எங்கள் காலனிக்கெல்லாம் தெரிந்தவர்.

“வாங்க கேப்டன் சாப். டென்ஷன் ஆவாதீங்க. கார்ட வச்சு விரலை அழுத்துங்க, ரெண்டு நிமிஷத்துல பெட்டு.”

சக்கர நாற்காலியில் இருந்தபடியே அழுத்தினேன். காலிங் பெல்லை அழுத்துகிற மாதிரி ஓங்கி அழுத்தினேன்.

‘கார்டுக்கு உரியவர் அல்ல’ என்றது மிஷின், பெண் குரலில், மிகவும் மரியாதையாக.

“இன்னொரு தபா அழுத்துங்க சாப்.”

‘கார்டுக்கு உரியவர் அல்ல.’

“தள்ளுங்க, உங்களுக்கு எதுலதான் பொறுமை இருக்குது?” என்று குமுதா கையை நீட்டி, வழக்கம்போல மெதுவாக அழுத்தினாள்.

‘வணக்கம், கேப்டன் தெய்வசிகாமணி அவர்களே. உங்கள் இதய அறுவைக்கான படுக்கை தயார். தயவுசெய்து நகைகளைக் கழற்றிவிடவும்.’

பூவராகன் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குமுதாவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பயத்தில்தான். “அம்மா, சிஸ்டப்படி நீங்கதான் படுக்கணும்” என்றார்.

கார்டு ஓர் ஆளை மறுத்துவிட்டால், கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அடையாள மையத்துக்குத் தானாகவே தகவல் போய்விடும். மையத்தின் கிளை அதே கன்டோன்மென்ட்டில் இருந்ததால், சற்று நேரத்தில் மேஜர் சங்கவி என்ற பெண் சரிபார்ப்பு அதிகாரி வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி மடிப்பில் காய் நறுக்கலாம்.

குமுதா நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மேஜர் தலையாட்டினார்.

“நடக்காதும்மா.”

“நடந்துதுங்களே. நான்தானே இத்தனை வருஷமா வச்சிக்கிட்டிருக்கேன்?”

“அப்படி நடக்க வழியே இல்ல. பழைய கார்டுல ரகசிய நம்பர் இருந்துச்சு. நம்பரைத் திருடலாம். கைரேகையைக்கூட நகல் எடுத்துட்டாங்க. அதனாலதான் இதைக் கொண்டுவந்தோம். இது ஆளையே படிக்கும். விரலை எவ்வளவு அழுத்துறீங்க, எந்த வார்த்தைகிட்ட தயங்குறீங்க, கோபம் வந்தா எப்படித் தட்டுறீங்க, எதைப் பார்த்தா நின்னு ரெண்டாம் தடவை படிக்கிறீங்க, எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கும்.”

“மாமியார் மாதிரி.”

மேஜர் சிரிக்கவில்லை. “பழக்கத்தைத் திருட முடியாதும்மா. இதுவரைக்கும் ஒரு கார்டுகூட ஆளை மாத்திச் சொன்னதில்ல.”

“அப்போ இவரு யாரு?” என்று என்னைக் காட்டினாள் குமுதா.

“அதைத்தான் கண்டுபிடிக்க வந்திருக்கேன். இவர் தெய்வசிகாமணி இல்லைன்னா ஆள்மாறாட்டம். போலீசுக்குச் சொல்லியாகணும்.”

நானே என்னைப் போல ஆள்மாறாட்டம் செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இப்படி ஒரு குற்றத்தை என் பிரிவில் வேறு எவனும் செய்ததில்லை. ஆனால் யானை இன்னும் எழுந்திருக்கவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வேறு.

மேஜரிடம் தெய்வசிகாமணியின் பணி விவரம் முழுவதும் இருந்தது. கேள்வி கேட்டு முடிவு செய்யலாம் என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. என்னைப் பற்றிய பரீட்சையில் நான் எப்படித் தோற்பேன்?

“பனிமுனைப் போஸ்ட்டில் இருந்தப்போ தெய்வசிகாமணிக்கு இடது கால் முறிஞ்சிருக்கு. எப்படி?”

“பனிச்சிறுத்தை” என்றேன். “ஆண் சிறுத்தை. எங்க ரேஷன் ஆட்டைக் கவ்விக்கிட்டு ஓடுச்சு. துரத்திப் போய் வாலைப் பிடிச்சேன். அது திரும்பிச்சு. அதுக்கும் எனக்கும் நடந்ததை நேரில் பார்த்தவன் ஒரு நேபாளி. அவன் இன்னைக்கும் தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துக்கிறானாம்.”

மேஜர் குமுதாவைப் பார்த்தார்.

“கக்கூசுக்குப் போறப்ப வழுக்கி விழுந்தாரும்மா” என்றாள் அவள். “கையில சொம்பு வேற. சொம்பை விடாம பிடிச்சிக்கிட்டதாலதான் கால் மாட்டிக்கிச்சுன்னு அன்னிக்கே போன்ல சொன்னாரு. அப்புறம் அது மொதல்ல நாயாச்சு. பெரிய பொண்ணு கல்யாணத்தப்போ நரி. சிறுத்தை ஆனது இப்பத்தான்.”

“கழிவறை அருகே வழுக்கி விழுந்தது என்றுதான் பதிவாகியிருக்கு” என்றார் மேஜர்.

இப்படியே போனது. நான் நீந்திக் கடந்த ஆறு, பதிவில் முழங்கால் அளவு தண்ணீராக இருந்தது. எனக்காகத் தளபதி அழுத விருந்து, பதிவில் இல்லவே இல்லை. பணி விவரம் எழுதியவன் எவனோ கற்பனை இல்லாத ஆசாமி. அவன் எழுதிய மட்டமான வாழ்க்கையை என் வாழ்க்கை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. குமுதாவுக்கோ ஒவ்வொன்றும் முதல்முறை கேட்ட மாதிரியே நினைவில் இருந்தது.

கடைசியில் மேஜர் கேட்டார்: “ஒரு தடவை மனநல டாக்டர் பேட்டி எடுத்திருக்கார். பணியில ரொம்பப் பயந்த நாள் எதுன்னு கேட்டிருக்கார். தெய்வசிகாமணி என்ன சொன்னார்?”

“பயமா? எனக்கா?” என்று சிரித்தேன். நெஞ்சு பிடித்துக்கொண்டதால் சிரிப்பு பாதியில் நின்றது.

குமுதா கொஞ்சம் யோசித்தாள். “டாக்டர்கிட்ட என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா சின்னவ பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கலை. இவரு போஸ்ட்டுல சிக்னல் இல்லை. தகவல் பாதிதான் போயிருக்குது. ‘பொண்ணு பொறந்துட்டா, அம்மாவுக்கு…’ன்னு சொல்லி அதோட கட்டாயிடுச்சாம். அந்த மிச்சம் தெரியறவரைக்கும் இவரு சாப்பிடலைன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. இவரு ஒருநாளும் சொன்னதில்ல. அதை மட்டும் கதையா ஆக்கவேயில்ல.”

மேஜர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். அதையேதான் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. ஆக்ஸிஜன் குழாயைச் சரி செய்துகொண்டேன்.

“எல்லாப் பதிலும் இந்தம்மாதான் சரியா சொல்றாங்க” என்றார் மேஜர். “கார்டும் அதையேதான் சொல்லுது.”

“நான் பொம்பளைம்மா!”

“அது எனக்குத் தெரியுது. கார்டுக்கு ஆண், பெண் கிடையாது. பழக்கம்தான்.”

இதற்குள் கர்னல் வேதநாயகம் வந்துவிட்டார். இதய அறுவை நிபுணர். ஈசிஜியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இடதுபக்கப் பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் வரை தாங்காது என்றார். வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று குமுதா கேட்டாள். “ஆம்புலன்ஸ் குலுங்குற குலுக்கல்லயே முடிஞ்சிடும்மா. இங்கதான் பண்ணணும், இப்பவே பண்ணணும். எனக்கு அட்மிஷன் கொடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் பூவராகன் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

“சாப், கேப்டனோட சம்சாரமா அட்மிட் ஆயிடுங்க.”

“என்னது?”

“கார்டு, பழக்கம், ஆளைப் படிக்கிறது எல்லாம் படைக்காரங்களுக்குத்தான் சாப். குடும்பத்தாரை யாரு பாக்கிறா? கார்டுக்காரர் விரல் வச்சு, ‘இது என் சம்சாரம்’னு சொன்னா போதும். முகத்தைக்கூடக் கேக்காது.”

குமுதா மேஜரைப் பார்த்தாள். “அது என் வேலையில வராது” என்று மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமுதா விரலை வைத்தாள். ‘வணக்கம் கேப்டன். யாரை அனுமதிக்க வேண்டும்?’ என்றது மிஷின். “மனைவி” என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. என்னோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் எந்தக் கவுன்டரிலும் அவளுடைய பெயரை யாரும் முதலில் கேட்டதில்லை. எந்தப் படைக்காரரின் மனைவி என்றுதான் கேட்பார்கள். இப்போது என் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டினார்கள்: குமுதவல்லி, கேப்டன் தெய்வசிகாமணியின் மனைவி.

குடும்ப வார்டில் படுக்கை. ஒரு நர்ஸ் வந்து, என் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று திரையைப் பார்த்தே கேட்டாள். பரவாயில்லை சிஸ்டர் என்றேன். மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டாள். நல்லவேளையாக ஞாபகம் இல்லை என்றேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. என் மீசை வீணாகிப் போனது. அந்த மீசையைப் பார்த்து ஒரு காலத்தில் எதிரி முகாமே பின்வாங்கியிருக்கிறது.

ரத்தம் எடுத்தார்கள். அங்கேதான் முடிச்சு இறுகியது.

வேதநாயகம் கோபமாகத் திரும்பி வந்தார். “குமுதவல்லிக்கு பி பாசிட்டிவ்னு இருக்கு. எடுத்த ரத்தம் ஓ. யாரோ சாம்பிளை மாத்திட்டாங்கன்னு சிஸ்டம் தியேட்டரைப் பூட்டிடுச்சு. கதவை உடைச்சு உள்ள போனாலும் மயக்க மருந்துப் பெட்டி திறக்காது, ரத்த அலமாரி திறக்காது. எனக்கு என்ன வேணும்னா இந்த ஆள் யாருன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். அவ்வளவுதான்.”

எல்லோரும் மேஜர் சங்கவியைப் பார்த்தார்கள். அவர் என் படுக்கையின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். தெய்வசிகாமணியாக எனக்கு வைத்தியம் கிடையாது, குமுதவல்லியாகவும் கிடையாது. மூன்றாவதாக ஒரு பெயர் எனக்கு இல்லை.

“மேடம், கார்டு தப்புன்னு போட்டுடுங்க” என்றார் பூவராகன்.

“போட முடியாது.”

“ஏம்மா?” என்றாள் குமுதா. கோபமாகக் கேட்கவில்லை. கேன்டீனில் சரக்கு இல்லை என்று சொல்கிறவனிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“நான் கல்நெஞ்சுக்காரி இல்லம்மா. கேளுங்க. என் பதிலுக்கு ரெண்டே பட்டன்தான் இருக்கு. ‘கார்டு சரி’, ‘கார்டு தவறு’. தவறுன்னு ஒரு அதிகாரி அழுத்திட்டா நாட்டுல இருக்கிற எல்லாக் கார்டும் அந்த நிமிஷமே நிக்கும். அப்படித்தான் கட்டியிருக்கோம். ஒரு கார்டு ஏமாறும்னா எல்லாமே ஏமாறும். எல்லையில, கப்பல்ல, வெடிமருந்துக் கிடங்குல எத்தனை கதவு இருக்குன்னு நினைக்கிறீங்க? அத்தனையும் நிக்கும், ஆஸ்பத்திரிப் பூட்டு மட்டும்தான் தானா திறந்துக்கும். ஒரு பெரியவருக்காக அதை நான் பண்ணலாமா?”

“கதவு நின்னா சாவி போட்டுத் திறப்பாங்க. இவரு நின்னா எதைப் போட்டுத் திறக்கிறது?”

மேஜர் கையிலிருந்த திரையை மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

“எனக்கு ஜெயில்னா போறேன்மா. இவரு கார்டை நான்தான் வச்சிருந்தேன். வேணும்னா எழுதித் தரேன்.”

“நீங்க சொல்றதை நான் நம்பணும்னா, எங்க கார்டு இத்தனை வருஷமா ஒரு ஆளை இன்னொரு ஆளுன்னு நினைச்சிக்கிட்டிருந்ததுன்னு நம்பணும். சோதனைச் சாலையில எத்தனையோ பேரை வச்சு ஏமாத்திப் பார்த்திருக்கோம். ஒருத்தராலயும் முடியல.”

“அவங்க ஏமாத்தப் பாத்தாங்க. நான் ஏமாத்தலையே. குடும்பம் பண்ணினேன்.”

மேஜர் கண்களை ஒரு முறை மூடித் திறந்தார். பிறகு முடிவு செய்துவிட்டவர் போல வார்டு மேஜையிலிருந்த மிஷினிடம் போனார். அவர் எந்தப் பட்டனைத் தேர்ந்தெடுத்தார் என்பது படுத்திருந்த எனக்கே தெரிந்தது. பச்சை. கார்டு சரி. குமுதா என் காலைப் பிடித்துக்கொண்டாள். யானை தன் கன்றையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டது. எனக்கு உடம்பு ஜில்லென்று ஆகிக்கொண்டிருந்தது. வேதநாயகம் என் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மேஜர் பாக்கெட்டிலிருந்து தன் கார்டை எடுத்து வைத்து, விரலை அழுத்தினார்.

‘கார்டுக்கு உரியவர் அல்ல.’

கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் அழுத்தினார்.

‘கார்டுக்கு உரியவர் அல்ல.’

வார்டில் யாரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் குழாய் இருந்ததால் விட்டுக்கொண்டிருந்தேன்.

“மிஷின் கோளாறு” என்றார் மேஜர்.

பூவராகன் தன் கார்டை வைத்துப் பார்த்தார். ‘வணக்கம், ஹவில்தார் பூவராகன்’ என்றது மிஷின்.

குமுதா என் காலை விடாமலே கேட்டாள்: “கடைசியா எப்போம்மா உங்க கையால வச்சீங்க?”

மேஜர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். “வாங்கின அன்னைக்கு” என்றார்.

“அதுக்கப்புறம்?”

“ஆபீஸ்ல… கிளார்க் ஆரோக்கியசாமிகிட்ட இருக்கும். ஒரு நாளைக்கு அத்தனை ஒப்புதல் வரும்மா. நான் சொல்வேன், அவர் வைப்பார். இன்னைக்கு வெளியே வர்றேன்னுதான் வாங்கி வச்சுக்கிட்டேன்.”

“எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் மேடம்” என்றார் பூவராகன், ஆறுதலாக. “எங்க கமாண்டன்ட் சாப் கார்டு இப்போ என் மேஜை டிராயர்லதான் கீது. அத வச்சா மிஷின் எனக்கு ‘வணக்கம் பிரிகேடியர்’னு சொல்லும். நானும் தினமும் பதிலுக்கு வணக்கம் சொல்லிடுவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். உங்க கிளார்க்கைக் கூப்பிடுங்க. ஸ்கூட்டர்ல வந்து ஒரு அழுத்து அழுத்திட்டுப் போவட்டும். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

மேஜர் போனை எடுத்தார். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனும் சேர்ந்து அழுந்திவிட்டது. ஆரோக்கியசாமியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. நல்ல, பணிவான குரல்.

“சொல்லுங்க மேடம்.”

“ஆரோக்கியசாமி… ஒரு சரிபார்ப்பு முடிவு போடணும்.”

“வந்துடறேன் மேடம். வழக்கம்போல ‘கார்டு சரி’ன்னு அழுத்திடவா மேடம்?”

மேஜர் கேட்டார்: “வழக்கம்போலன்னா? இதுக்கு முன்னாடி வந்த புகார் எல்லாம்…?”

“எல்லாத்துக்கும் அப்படித்தானே மேடம் போடச் சொல்வீங்க. அதனால இப்பல்லாம் வந்தவுடனே நானே போட்டுடறேன். உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு.”

இதுவரை ஒரு கார்டுகூட ஆளை மாற்றிச் சொன்னதில்லை என்று மேஜர் சொன்னது எப்படி என்று எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் ஏதாவதொரு கவுன்டரில் நின்று, நான்தான் நான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்களோ தெரியாது. மேஜர் போனை அணைத்தார்.

சுவரில் மையத்தின் இயக்குநருக்கு நேராகப் போகும் சிவப்பு டெலிபோன் ஒன்று மாட்டியிருந்தது. அதற்குக் கார்டு தேவையில்லை. அதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. மேலே தூசி படிந்திருந்தது. மேஜர் சங்கவி அதனிடம் நடந்து போனார். நேராகத்தான் நடந்தார், அணிவகுப்பு நடை. எடுத்து, தன் பெயரையும் பதவியையும் சொன்னார்.

“கார்டு தவறு சார். வாய்மொழியா பதிவு பண்ணிக்குங்க. ஆமா சார், எல்லாம் நிக்கும்னு எனக்குத் தெரியும். இங்க ஒரு நோயாளி இருக்கார். நிஜ தெய்வசிகாமணி அவர்தான். கார்டு அவர் மனைவியை அவர்னு பழகிடுச்சு… சோதனைச் சாலை முடிவெல்லாம் தெரியும் சார், நானும் அதுல இருந்தேன்…”

அந்தப் பக்கம் யாரோ உரக்கப் பேசினார்கள். வேதநாயகம் என் கட்டிலின் பிரேக்கைக் காலால் தட்டி விடுவித்துவிட்டு, தியேட்டர் கதவையும் மேஜரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார். அவங்க சொல்ற கதையை நம்பிச் சொல்லலை” என்றார் மேஜர். கையிலிருந்த தன் கார்டை, யாரோ தெரியாதவருடைய போட்டோவைப் பார்ப்பது போலப் பார்த்தார். “எனக்கே நடந்திருக்கு சார்.”